வாசகர் கேள்வி பதில்: இமை முழுவதும் மூடுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 52. ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே ஓர் அலுவலகத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தலும் எரிச்சலும் தொடங்குகின்றன. மாலையில் எழுத்துகள் மங்குகின்றன, இடையிடையே கண்ணீரும் வழிகிறது. கண்ணாடி மாற்றச் சென்றபோது சோதித்தவர், “நீங்கள் அரைகுறையாகத்தான் இமைக்கிறீர்கள்” என்றார். இமைப்பதில்கூட அரை, முழுமை என்று உண்டா? சொட்டு மருந்து விட்டால் அரை மணி நேரம் சுகம், பிறகு பழையபடிதான். இது நோயா, பயிற்சியால் சரியாகுமா? என் கண்கள் தூக்கத்தில் சற்றே திறந்திருப்பதாக மகள் சொல்கிறாள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, ஈசூன்

பதில்: இமைப்பதில் அரை, முழுமை என்று உண்டு. மேலிமை இறங்கி வந்து கீழிமையைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் அது முழு இமைப்பு. பலருக்கு அது கருவிழியின் பெரும்பகுதியைக் கடந்து, தொடாமலேயே மேலே ஏறிவிடுகிறது. கண்ணிமைக்கும் பொழுதையே மாத்திரைக்கு அளவாக வைத்து, அதில் அரை மாத்திரையையும் கணக்கிட்ட இலக்கணம் நம்முடையது. ஆனால் அரை இமைப்பு ஒன்று நம் கண்ணிலேயே நடக்கிறது என்பதை யாராவது பார்த்துச் சொல்லும்வரை நாம் அறிவதில்லை.

இமைப்பு என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்தால், உங்கள் தொல்லைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவது விளங்கும். கருவிழியின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று படிந்திருக்கிறது. அதில் விழியோடு ஒட்டும் வழவழப்பான சளிப்பொருளும், அதன் மேல் நீரும், எல்லாவற்றுக்கும் மேலே மிக நுண்ணிய எண்ணெய்ப் பூச்சும் உண்டு. நீர் விரைவில் ஆவியாகிவிடாமல் காப்பது அந்த எண்ணெய்தான். ஒவ்வோர் இமையின் விளிம்பிலும் வரிசையாக 20க்கும் மேற்பட்ட எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666ஆம் ஆண்டில் இவற்றை விவரித்ததால் இவை மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. இமைகள் ஒன்றையொன்று தொட்டு அழுத்தும்போதுதான் இவற்றிலிருந்து எண்ணெய் சரியாகப் பிதுங்கி வந்து விழியின் மேல் பரவுகிறது.

இமை பாதியில் திரும்பினால் இரண்டு தீங்குகள் சேர்ந்து நேர்கின்றன. கருவிழியின் அடிப்பகுதி துடைக்கப்படாமல் காய்கிறது. மருத்துவர் கண்ணில் சாயம் இட்டு நீல ஒளியில் பார்க்கும்போது, சேதமடைந்த அந்தப் பகுதி புள்ளி புள்ளியாகப் பச்சை நிறத்தில் ஒளிரும். மறுபுறம், வெளியேறாத எண்ணெய் சுரப்பிக்குள்ளேயே தங்கிக் கெட்டியாகி வாயை அடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் சுரப்பி சுருங்கிப் போகிறது, அதன் பிறகு அதை மீட்பது மிகவும் கடினம். உங்களுக்கு இதை இப்போதே ஒருவர் சுட்டிக்காட்டியதை நல்வாய்ப்பாகவே நினைக்கிறேன். வறண்ட கண்ணில் ஏன் நீர் வழிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த இடத்தின் நரம்புகள் எரிச்சலை உணர்த்த, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. எண்ணெய்க் காப்பு இல்லாத அந்த நீர் நிலைத்து நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. சொட்டு மருந்து அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காததற்கும் ஏறத்தாழ இதுவே காரணம்.

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதோடு, இமைப்பவற்றிலும் பல அரைகுறையாகவே முடிகின்றன. எண்களை வரிசையாகச் சரிபார்க்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, பார்வை ஒரு கணமும் அறுபடாதிருக்க மூளையே இமையைத் தடுத்து வைப்பதுபோல ஆகிவிடுகிறது. அதோடு நாள் முழுவதும் குளிரூட்டியின் உலர்ந்த காற்றும் சேர்கிறது. மாதவிடாய் நின்ற வயதில் கண்ணீரின் தரம் குறைவதும், மூக்கொழுகலுக்காக அடிக்கடி விழுங்கும் ஒவ்வாமை மாத்திரைகளும் வறட்சியைக் கூட்டும்.

ஆனால் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். உங்கள் இமை மூட மறக்கிறதா, அல்லது அதனால் மூடவே முடியவில்லையா? தைராய்டு கோளாற்றால் விழி முன்னே தள்ளப்பட்டு மேலிமை பின்னிழுக்கப்படுவது, இமை அறுவைச் சிகிச்சையில் தோல் அதிகமாக எடுக்கப்பட்டுவிடுவது, பழைய காயத்தின் தழும்பு, முகநரம்பின் பலவீனம் ஆகியவற்றில் இமையால் முழுதாக மூட முடியாது. பார்க்கின்சன் நோயில் இமைக்கும் எண்ணிக்கையே குறைகிறது. நீண்டகால நீரிழிவில் கருவிழியின் உணர்வு மங்குவதால், இமைக்கச் சொல்லும் தூண்டுதலும் குறைந்துவிடுகிறது. உங்கள் மகள் சொன்னதை நான் சிறிதாக எண்ணவில்லை. தூக்கத்தில் இமை திறந்திருந்தால், காலையில் எழுந்ததுமே எரிச்சல் இருக்கும். எனவே கண் மருத்துவரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டி அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால், சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் போன்ற இடங்களில் சலுகைக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம்.

வெறும் பழக்கம்தான் காரணம் என்று உறுதியானால், பழக்கத்தாலேயே அதை மாற்ற முடியும். தூக்கம் வரும்போது மூடுவதுபோல மென்மையாகக் கண்களை மூடுங்கள். இமைகள் தொட்டுக்கொண்டதை உணர்ந்து, இரண்டு விநாடி அப்படியே இருந்துவிட்டுத் திறங்கள். மறுபடி மூடி, இரண்டு விநாடிக்குப் பின் இலேசாக ஒருமுறை அழுத்தித் திறங்கள். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. கண்களின் வெளிமூலைகளில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். மென்மையாக மூடும்போது அங்கே தோல் நன்றாக அசைந்தால், நீங்கள் இமைப்பதற்குப் பதிலாக முகத்தைச் சுருக்குகிறீர்கள் என்று பொருள். பெரும்பாலோர் முதல் வாரம் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

20 நிமிடத்துக்கு ஒரு சுற்று நல்லது. நினைவு வராதவர்கள் ஏற்கெனவே செய்யும் ஏதாவது ஒன்றோடு இதைக் கட்டிவிடலாம். ஒவ்வொரு மின்னஞ்சலை அனுப்பியதும் ஒரு முழு இமைப்பு. வீடு திரும்பும்போது ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயர் கேட்டதும் திறன்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு சுற்று. சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் அது தானாக வரும். கணினித் திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். பார்வை தாழும்போது விழியின் திறந்த பரப்பு குறைவதால் ஆவியாவதும் குறையும். அலுவலகக் குளிர்காற்று நேராக முகத்தில் படாத இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், வீட்டில் படுக்கும்போது மின்விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள்.

அடைபட்ட எண்ணெயை இளக்கப் பொறுக்கக்கூடிய சூட்டில் நனைத்த துணியை மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், எனவே மறுபடி நனைக்கத்தான் வேண்டும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் சொட்டு மருந்து தேவைப்பட்டால், கெடாமலிருக்க வேதிப்பொருள் சேர்க்காத, ஒரு நாளில் தீர்ந்துவிடும் சிறு குப்பிகளை வாங்குங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து இதற்கு ஆகாது.

கேள்வி: கண் வறட்சிக்கு இரவில் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார் என் மாமியார். விடலாமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: சமையலறைப் புட்டியில் இருப்பதை விடாதீர்கள். அது கிருமி நீக்கப்பட்டதன்று. விளக்கெண்ணெய் கலந்து முறையாகத் தயாரித்த கண் சொட்டு மருந்துகள் உண்டு என்பதால் உங்கள் மாமியார் சொல்வது அடிப்படை இல்லாத பேச்சன்று. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68, நீரிழிவு உண்டு. இரண்டு வாரங்களுக்கு முன் முகவாதம் வந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இடது கண் மூடவில்லை. இமைப் பயிற்சி செய்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால், நாள் முழுவதும் முயன்று களைத்துப் போகிறார்.
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இந்த இதழ் கைக்கு வரும் முன்பே நீங்கள் அவரைக் கண் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மேலே ஈசூன் வாசகிக்குச் சொன்ன பயிற்சி உங்கள் தந்தைக்கு உரியதன்று. இமையை மூடும் தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் ஏழாவது மூளை நரம்பே செயலிழந்திருப்பதால், முயற்சி போதவில்லை என்று அவரை வருத்தக் கூடாது. காரணம் அறியா முகவாதம் பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் நன்றாகவே தேறிவிடுகிறது. அதுவரை கருவிழியைக் காப்பதுதான் வேலை.

பகலில் வேதிப்பொருள் சேர்க்காத சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடிக்கடி விடுங்கள், படுக்கும் முன் கண் களிம்பு இடுங்கள். வெளியே செல்லும்போது காற்றும் தூசியும் படாதபடி பக்கங்கள் மூடிய கண்ணாடி அணியட்டும். இரவில் இமையை ஒட்டுநாடாவால் மூடி வைக்கும் முறையைத் தாதியிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இமை சரியாக மூடாத நிலையில் ஒட்டினால் நாடாவே கருவிழியைக் கீறிவிடும். நெடுநாள் தேறாதவர்களுக்கு மேலிமைக்குள் சிறு தங்கத் தகடு பதித்து, அதன் எடையால் இமை இறங்கும்படி செய்யும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது.

நீரிழிவு உள்ளவர் என்பதால் கருவிழியில் புண் வந்தாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம். ஆகவே வலியை எதிர்பார்த்திராமல் நாள்தோறும் காலையில் வெளிச்சத்தில் அந்தக் கண்ணை நீங்களே பாருங்கள். சிவப்பு கூடியிருந்தாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெண்புள்ளி தென்பட்டாலோ, முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முகம் கோணுவதோடு கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ எப்போது சேர்ந்து வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 995ஐ அழையுங்கள்.