துருவேறிய சைலன்சர் நட்டு: அறுப்பது எது, காப்பாற்றுவது எது?

கேள்வி: தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் பி.எஸ்.4 மினி லாரி. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கிறது. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் பாகம்) பக்கம் உள்ள மூன்று நட்டுகளில் ஒன்று ஸ்டட்டோடு (டர்போ உடம்பிலேயே திருகிய, தலையில்லாத மரைக் கம்பி) முறிந்துவிட்டது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. பின்பக்க ஃபிளாஞ்சில் (குழாய் முனையில் உள்ள இணைப்புத் தகடு) போல்ட்டுகளும் அப்படியே இறுகிக் கிடக்கின்றன.

பதில்: பின்பக்கத்து போல்ட்டுகளோடு மல்லுக்கட்டாதீர்கள். அவை ஃபிளாஞ்சின் ஓட்டை வழியே மறுபக்கம் வந்து நட்டு மாட்டிய சாதாரண போல்ட்டுகள். கிரைண்டரால் அறுத்துத் தள்ளிவிட்டுப் புதிது போடலாம். பொறுமை முழுவதையும் டர்போ பக்கத்து ஸ்டட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மரை கெட்டால் செலவு டர்போ ஹவுசிங் வரை போகும்.

இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். மரைக்குள் அந்தத் துருதான் ஆப்பு அடித்தது போல இறுக்குகிறது. உப்புக் காற்றும் சைலன்சர் சூடும் சேர்ந்தால் அது வேகமாக நடக்கும்.

முதல் நாள் மாலை, இன்ஜின் நன்றாக ஆறிய பின், நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரையை வயர் பிரஷால் பளிச்சென்று தேயுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நட்டு வெளியே வர அந்தத் துருப்பிடித்த மரை மேல்தான் ஏறி வரவேண்டும். பாதி வழியில் ஸ்டட் முறிவது அங்கேதான். பிறகு துரு இளக்கும் ஆயிலை நட்டின் அடியிலும் மேலும் விட்டு, ஸ்டட் முனையில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. இரவுக்குள் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள்.

காலையில் ஆறு மூலை சாக்கெட்டையே போடுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டை உருட்டிவிடும். முதலில் ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் திருப்புங்கள். துருப்பிடி 'டக்'கென்று விட்டால் கழற்றும் பக்கம் அரைச் சுற்று, திரும்பக் கால் சுற்று உள்ளே, ஆயில். கிரீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் பலம் கொடுத்தால் ஸ்டட் முறுக்கிக்கொண்டு போய்விடும்.

அதற்கும் அசையாவிட்டால் கேஸ் சுடர். ஆயிலைத் துடைத்துவிட்டு, பக்கத்து டீசல் டியூப், பிரேக் டியூப், சென்சார் வயர்களை ஒதுக்கி, தகடு மறைப்பு வைத்து, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சுடரே காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் விஷவாயுவாக மாறும். சுடரை நட்டின் மேல் மட்டும் பிடியுங்கள். மங்கிய சிவப்பு வந்ததும் உடனே திருப்புங்கள். நட்டு விரிந்து, ஸ்டட் இன்னும் விரியாத அந்த நேரம்தான் உங்களுக்கு வேண்டும். தாமதித்தால் இரண்டும் சேர்ந்தே சூடாகிவிடும்.

முறிந்த ஸ்டட் மூன்று, நான்கு மில்லிமீட்டர் வெளியே நீட்டினால், ஒரு அளவு பெரிய நட்டை அதன்மேல் வைத்து ஓட்டைக்குள் வெல்டிங் நிரப்புங்கள். சிவப்பு போனதும் ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். வெல்டிங் சூடே துருவையும் இளக்கிவிடும். தொடங்கும் முன் பேட்டரி வயர்களைக் கழற்றி, எர்த் கிளாம்பை ஸ்டட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்; இல்லாவிட்டால் ஈ.சி.யு. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கெட்டுவிடலாம். மட்டமாக முறிந்திருந்தால் நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளையில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். 10 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் கடைசித் துளை 8.5 மி.மீ., பிறகு டேப் (மரை வெட்டும் கருவி). ஈசி-அவுட் (முறிந்த ஸ்டட்டைத் துளையில் கவ்வித் திருகி எடுக்கும் கருவி) எடுக்கவே வேண்டாம். உள்ளே அது ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது.

கேள்வி: திரும்ப மாட்டும்போது மறுபடி இறுகாமல் இருக்க என்ன பூசலாம்?

பதில்: சாதாரண கிரீஸ் சூட்டில் கருகிவிடும். நிக்கல் அல்லது செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை ஸ்டட் மரையில் மெல்லிசாகத் தடவுங்கள். சென்சார் முனையில் படக்கூடாது. பேஸ்ட் தடவிய மரை எளிதில் அதிகமாக இறுகும். அதனால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க் (இறுக்கும் அளவு) உலர்ந்த மரைக்கா, பேஸ்ட் தடவியதற்கா என்று பார்த்து இறுக்குங்கள். சூடு கண்ட ஸ்டட், நட்டு, பழைய கேஸ்கட் எதையும் திரும்பப் போடாதீர்கள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் ஃபிளாஞ்சு ஓரத்தைப் பாருங்கள். கருப்புக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது.