அப்பாவின் ஐபாட்: டிஸ்க்கை மாற்றுமுன் பாட்டை இறக்குங்கள்

மும்பை முலுண்ட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: அப்பா 2006-இல் வாங்கிய 30 ஜிபி வீடியோ ஐபாட் இன்னும் வீட்டில் இருக்கிறது. வி.டி. ஸ்டேஷனுக்கு லோக்கல் ரயிலில் போய்வந்த காலமெல்லாம் அதில்தான் கச்சேரி கேட்பார். சில மாதங்களாக உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது. சில உருப்படிகள் பாதியில் நின்று அடுத்ததற்குத் தாவிவிடுகின்றன. பாட்டு ஏற்றிய கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, வேறு எங்கும் பிரதி இல்லை. லேமிங்டன் ரோட்டில் ஒருவர், "டிஸ்க்கை எடுத்துவிட்டு 1 டிபி மெமரி கார்டு போட்டுத் தருகிறேன்" என்கிறார். செய்யலாமா? உள்ளே இருக்கும் 4,000 பாட்டு என்ன ஆகும்?

செய்யலாம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். டிஸ்க்கை மாற்றினால் பாட்டு எதுவும் புதிய கார்டுக்குத் தானாக வராது. வேறு எங்கும் பிரதி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த 4,000 பாட்டும் இப்போது சாகக் கிடக்கும் ஒரே ஒரு தகட்டில்தான் இருக்கின்றன. இன்றிலிருந்து அதில் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிடுங்கள்.

அந்தச் சத்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஐபாடுக்குள் இருப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 4,200 சுற்று சுற்றுவது. பாட்டு ஓடும்போதெல்லாம் அது சுற்றிக்கொண்டே இருக்காது. அடுத்துவரும் பாட்டுகளில் கொஞ்சத்தை 32 எம்பி நினைவகத்துக்குள் அள்ளிப் போட்டுவிட்டு ஓய்வெடுக்கும். அள்ள வரும்போது ஓர் இடம் படிக்க வராவிட்டால், படிக்கும் ஊசி திரும்பத் திரும்ப அங்கேயே முயற்சி செய்யும். அதுதான் டிக் டிக். முடியாதபோது ஐபாட் அந்தப் பாட்டைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இந்த நிலையில் டிஸ்க் இன்னும் ஒரு வருடமும் ஓடலாம், நாளைக் காலையே நிற்கவும் செய்யலாம்.

இப்போது இறக்கும் வேலை. ஐடியூன்ஸ் (ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருள்) இல்லாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடுங்கள், அலுவலக நண்பருடையதாக இருந்தாலும் சரி. ஏன் இல்லாதது? ஐடியூன்ஸ் இருந்தால் "இந்த ஐபாட் வேறொரு நூலகத்தோடு இணைக்கப்பட்டது, அழித்துவிட்டு ஒத்திசைக்கலாமா" என்கிற பொருளில் ஒரு கேள்வி வரும். பல வருடங்களுக்கு முன், என் சித்தப்பா மகனின் ஐபாடை வைத்துக்கொண்டு, அவசரத்தில் அதற்குச் சரி என்று அழுத்தியவன் நான். மெல்லிசையும் நாதஸ்வரமுமாக ஒரு மொத்தத் தொகுப்பு போயிற்று. அவன் இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி அதை நினைவுபடுத்துகிறான். ஐடியூன்ஸ் உள்ள கம்ப்யூட்டர்தான் கிடைத்தது என்றால், ஐபாடைச் செருகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டு விசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். திரையின் ஓரத்தில் ஐபாட் பெயர் தெரியும்வரை விடாதீர்கள். தானாக ஒத்திசைப்பது நின்றுவிடும்.

ஐபாடை நேரே டிஸ்க் நிலையில் எழுப்புவது இன்னும் நல்லது. ஹோல்ட் சுவிட்சை ஒருமுறை போட்டு எடுங்கள். மெனு பொத்தானையும் நடுப்பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். சின்னம் வந்ததும் கையை மாற்றி, நடுப்பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடியுங்கள். இப்போது அது பென் டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் தெரியும். "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால், ஐபாட் ஆரம்பத்தில் மேக்கில் ஏற்றப்பட்டதாக இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மேக்கைத் தேடுங்கள்.

மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்றொரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் மியூசிக். அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துப் பெயரில் கோப்புகள் கலைந்து கிடக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். பாட்டின் பெயர், பாடியவர் பெயரெல்லாம் கோப்புக்குள்ளேயே டேக்காக இருக்கின்றன. பிறகு மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு, எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருள் அந்த டேக்கைப் படித்துக் கோப்புகளுக்குப் பெயர் வைத்துவிடும்.

ஒரு விஷயம், இதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். மியூசிக் ஃபோல்டரை மட்டும் எடுக்காதீர்கள், ஐபாட் கன்ட்ரோல் முழுவதையும் எடுங்கள். கேசட்டிலிருந்து மாற்றிய சபா கச்சேரிகளை அப்பா 'வேவ்' கோப்பாக ஏற்றியிருந்தால், ஐடியூன்ஸ் அதற்குள் பெயரை எழுதியிருக்காது. 'மோகனம், ஆலாபனை' என்று அவர் தட்டிவைத்த பெயர் பக்கத்து ஃபோல்டரில் உள்ள தரவுக் கோப்பில்தான் இருக்கும். அவர் அடுக்கிய பிளேலிஸ்ட் வரிசையும் அதில்தான்.

படிக்க வராத கோப்பு வந்தால் விண்டோஸின் சாதாரண காப்பி நின்றுவிடும். விண்டோஸுடனேயே வரும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் மறுமுயற்சி எண்ணிக்கையை ஒன்று என்று நீங்களே குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கெட்ட கோப்புக்காக, 30 விநாடிக்கு ஒருமுறை என்று பத்து லட்சம் தடவை முட்டிக்கொண்டிருக்கும். முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் எடுங்கள். டிஸ்க் சூடானால் நிறுத்தி ஆறவிட்டு, அப்புறம் மிச்சத்துக்குப் போங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மும்பைக் காற்றில் வெளியே எடுத்த மறுநிமிடம் உள்ளே ஈரம் பூத்துவிடும். வேண்டாம்.

எடுத்ததை இரண்டு இடத்தில் வைத்தாயிற்றா? இனி கார்டுக்கு வரலாம்.

இன்னொரு ஹார்ட் டிஸ்க்கே போடலாமா என்றால், நான் போடமாட்டேன். 'புதுசு' என்று இன்று விற்கும் 1.8 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் வேறொரு பழைய கருவியிலிருந்து கழற்றியவை. கார்டில் சுற்றும் பாகமே இல்லை. தாதரில் நெரிசலில் இறங்கும்போது கீழே விழுந்தாலும் உள்ளே உடைய ஒன்றுமில்லை. மின்சாரமும் குறைவாக இழுக்கும். இதற்கென்று எஸ்டி கார்டை டிஸ்க் போலக் காட்டும் அடாப்டர் போர்டுகள் இருக்கின்றன. ஐஃப்ளாஷ் என்ற பெயரில் வருபவை நம்பகமானவை. அதிலும் ஒரே ஒரு முழு அளவு எஸ்டி கார்டு ஏற்கும் சோலோ உங்களுக்குப் போதும். மைக்ரோ எஸ்டியை உறைக்குள் போட்டு, அந்த உறையைப் போர்டில் போடுகிற ஏற்பாடு வேண்டாம். தொடர்பு விட்டுப்போக இன்னோர் இடத்தை நாமே உண்டாக்குவது அது.

1 டிபி எதற்கு? கணக்குப் பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரம் சுமார் 58 எம்பி. 128 ஜிபி கார்டில் கிட்டத்தட்ட 2,200 மணி நேரம் அடங்கும். சிடி தரத்தில் அப்படியே ஏற்றினாலும் 200 மணி நேரம். அதோடு, உங்கள் 30 ஜிபி மாடலில் நினைவகம் 32 எம்பிதான். 60, 80 ஜிபி மாடல்களுக்கு 64 எம்பி. பாட்டுப் பட்டியல் முழுவதும் அந்த 32 எம்பிக்குள் அடங்க வேண்டும். சுமார் 20,000 பாட்டைத் தாண்டினால் தடுமாறத் தொடங்கும் என்பது இந்த வேலை செய்பவர்களின் அனுபவம். ஆக 1 டிபி போட்டாலும் நிரப்ப முடியாது. 128 வாங்குங்கள், ஆசையாக இருந்தால் 256. (இதே கட்டுரையைப் படித்துவிட்டு 2007-இன் 80 ஜிபி ஐபாட் கிளாசிக்கையோ 2008-இன் 120 ஜிபி கிளாசிக்கையோ கையில் எடுப்பவர்களுக்கு: அவற்றின் மென்பொருள் 128 ஜிபிக்கு மேல் பார்க்காது. உங்கள் வீடியோ ஐபாடுக்கு அந்தத் தொல்லை இல்லை.)

கார்டு விஷயத்தில் கடைக்காரரை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். போலி கார்டு 128 என்று காட்டும், உள்ளே 16 தான் இருக்கும். ஏற்றும்போது எந்தப் புகாரும் சொல்லாது, பழைய பாட்டின்மேலேயே புதிய பாட்டை எழுதிக்கொண்டு போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 என்ற மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். பெட்டியில் போட்டிருக்கும் வேக எண்ணுக்கு மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். அந்த வேகம் ஐபாடுக்கு எட்டாது.

திறப்பது உங்கள் மாடலில் சுலபம்தான். கிளாசிக்கில் முன்பக்கமும் உலோகம், அதனால் கஷ்டம். உங்களுடையதில் முன்பக்கம் பிளாஸ்டிக். ஹோல்டைப் போட்டுவிட்டு, முன்பக்கத்துக்கும் எஃகு முதுகுக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். திறந்ததும் இரண்டையும் இழுத்துப் பிரித்துவிடாதீர்கள். பேட்டரியிலிருந்தும் ஹெட்ஃபோன் துளையிலிருந்தும் ஒவ்வொரு ரிப்பன் (பட்டை ஒயர்) முதுகோடு ஒட்டியிருக்கும். புத்தகம் போல மெல்ல விரித்து, முதலில் பேட்டரி ரிப்பனின் பழுப்புப் பட்டியை இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளி ரிப்பனை எடுங்கள். பிறகு டிஸ்க் ரிப்பனின் கறுப்புத் தாழ்ப்பாளை நிமிர்த்தினால் அது தானாக வந்துவிடும். புது போர்டைப் போடும்போது ரிப்பனின் மின்தொடர்புப் பக்கம் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். போர்டு ஆடாமல் இருக்க டிஸ்க் இருந்த இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்சு.

திறந்த கையோடு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், அதுவும் இருபது வருடப் பழசு. முதுகு உப்பியிருந்தால் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்பாதீர்கள், லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். டிஸ்க் போன இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம். ஆனால் அதன்மேல் அச்சிட்ட எண்ணில் பாதியை நம்பினால் போதும்.

மூடுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் செருகி ஐடியூன்ஸில் ரீஸ்டோர் கொடுங்கள். இந்த முறை அழிக்கச் சொன்னால் சரி சொல்லலாம், கார்டு காலிதான். விண்டோஸில் செய்தால் கார்டு எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்பில் அமையும். அது மேக்கிலும் ஓடும். ஆச்சரியக்குறி போட்ட ஃபோல்டர் படம் வந்தால் பத்துக்கு எட்டு முறை ரிப்பன்தான் சரியாக உட்காராமல் இருக்கும். எடுத்துத் திரும்பப் போடுங்கள். அப்புறம் பாட்டை ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுங்கள். ஐபாடின் மென்பொருள் 1.2 அல்லது அதற்கு மேல் என்றால், ராகம், தானம், பல்லவி என்று சிடி மூன்று துண்டாக வெட்டியதை இடைவெளி விடாமல் தொடர்ந்து பாடும்.

கார்டு போட்டால் ஒலி தெளிவாகும் என்று கடையில் சொல்வார்கள். ஒலியை உண்டாக்கும் வுல்ஃப்சன் சிப் போர்டில் அப்படியேதான் இருக்கிறது. அப்பா கேட்ட அதே ஒலிதான் வரும்.

கடையிலேயே கொடுத்து மாற்றினால், கழற்றிய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். இறக்கும்போது வராமல் போன பத்துப் பதினைந்து பாட்டு அதில் இன்னும் இருக்கிறது.