ஆங்கிலமும் ஆசிரியர் படிப்பும்: சேர்த்தா, தனித்தனியா?

பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஆங்கில ஆசிரியர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு பி.எட். போகட்டுமா, இரண்டும் சேர்ந்த பி.ஏ.பி.எட். எடுக்கட்டுமா? சேர்த்துப் படித்தால் இலக்கியம் அரைகுறையாகிவிடும் என்கிறார்கள்."

பள்ளி ஆசிரியர் வேலைதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், சேர்த்தே படியுங்கள். 2015 முதல் பி.எட். இரண்டு வருடமாகிவிட்டதால், தனித்தனியாகப் படித்தால் ஐந்து வருடம். சேர்த்துப் படித்தால் நான்கு. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும், அந்த வழியிலும் ஒரு வருடம் மிச்சம். கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் கனவு என்றால் பி.எட். தேவையே இல்லை. பி.ஏ., எம்.ஏ., பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் என்று போய்விடலாம்.

இலக்கியம் குறையுமா? குறையும். கற்பித்தல் முறை, குழந்தை உளவியல், பள்ளிப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அதே நான்கு வருடத்தில்தான் இடம் வேண்டும். நாவல்களை நீங்களாகத் தேடிப் படித்து அந்தக் குறையை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் கிடைப்பதும் சின்ன விஷயமில்லை. ஒரு கவிதையில் 'ஸ்னோ' என்று வருகிறது. பயிற்சி மாணவி கரும்பலகையில் 'பனி' என்று எழுதிப்போடுகிறார். பிள்ளைகள் மனதில் வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனித்துளி. கவிதையிலோ பாதை மூடிப்போகும் அளவுக்குக் கொட்டுகிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். கவிதையின் அழகைச் சொல்ல இலக்கிய வகுப்பு பழக்கும். பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறது என்று பார்க்க ஆசிரியர் பயிற்சி பழக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் படிப்பவருக்கு இது சீக்கிரம் கைவரும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேருவதற்கு முன் கல்லூரியில் நேரில் போய்க் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? பழைய பி.ஏ.பி.எட். திட்டமா, ஐ.டி.இ.பி. (ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம்) என்ற புதிய திட்டமா? புதியது என்றால் என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டச் சான்றிதழில் ஆங்கிலம் முதன்மைப் பாடமாக இருக்குமா, அது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா? இந்த இணைத்தன்மை விஷயத்தில் அசட்டையாக இருந்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் கண் கலங்கி நிற்கும் நிலை உங்களுக்கு வரவே கூடாது. வாய்வார்த்தையை நம்பாமல் அரசாணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்திலேயே மைசூரில், மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அறுபதுகளிலிருந்து இயங்கும் இடம். தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் அதுதான் மண்டல நிறுவனம். வளாகத்திலேயே பள்ளியும் உண்டு. அங்கேயும் முயன்று பாருங்கள்.

ஆங்கிலம் எடுப்பவர்கள் பலர் கடைசியில்தான் கவனிக்கும் ஒன்று, தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்விகளில் ஆங்கிலத்துக்கு 30 மட்டுமே. தமிழுக்கு 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. மீதி 60 கேள்விகளுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல், இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். சமூக அறிவியலை எடுப்பதானால், ஆறு முதல் பத்து வரையுள்ள அந்தப் பாடப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். முதல் வருட விடுமுறையிலேயே ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்.