வேலை போனவருக்குக் காசு கொடுத்தால் யார் வேலைக்கு வருவார்?

வணக்கம். தெமட்டகொடையில் 14 பேரை வைத்து அட்டைப்பெட்டி செய்யும் தொழில் நடத்துகிறேன். வேலையில்லாக் காப்புறுதி வேண்டும் என்று நீங்கள் எழுதிவருகிறீர்கள். வீட்டில் இருக்கிறவனுக்கு மாதாமாதம் காசு வந்தால் அவன் ஏன் வேலைக்கு வரப்போகிறான்? இப்போதே பொடியன்கள் இரண்டு மாதம் நின்றுவிட்டு த்ரீவீல் ஓடப் போய்விடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 சதவீதம் கட்டுகிறேன். இன்னும் ஒன்று வந்தால் எப்படித் தாங்குவது?
வாசகர், கொழும்பு 09

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் பொடியன்களைப் பற்றி. தாமாக விலகியவருக்கு இந்தக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது. வேலை பறிபோயிருக்க வேண்டும், அதற்கு முன் குறிப்பிட்ட மாதங்கள் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். இரண்டு மாதத்தில் போகிறவர் பெரும்பாலான நாடுகளில் அந்த வரிசைக்கு வரமாட்டார்.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கொடுப்பனவுக் காலம் நீண்டால் வேலை தேடும் காலமும் கொஞ்சம் நீளும். கொடுப்பனவு முடியும் வாரங்களில் பலர் திடீரென்று வேலையற்றோர் பட்டியலை விட்டு விலகுவது அமெரிக்காவில் 1980களிலேயே தெரிந்துவிட்டது. காசு நின்றதும் வேலைக்கு ஓடுகிறார்கள் என்றே அதைப் பலரும் விளங்கிக்கொண்டார்கள். காட், செட்டி, வெபர் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2007இல் ஆஸ்திரியப் பதிவேடுகளைப் பார்த்தபோது வேறு விடயம் தெரிந்தது. விலகியவர்களில் பெரும்பாலானோர் வேலையில் சேரவில்லை. இனிக் காசு வராது என்பதால் பதிவதை விட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு ராஜ் செட்டி இன்னொன்றைக் காட்டினார். தேடும் காலம் நீள்வதில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குக் காரணம் கொடுப்பனவால் கைக்காசுத் தட்டுப்பாடு தணிவதே. சேமிப்பு உள்ளவர்கள் கொடுப்பனவு கூடியும் அதிகம் தாமதிக்கவில்லை.

இது உங்களுக்குத்தான் முக்கியம். அச்சு இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர் வேலை போன பத்தாம் நாளே வாடகைக்காக த்ரீவீல் ஏறினால், அவரைத் தேடும் தொழிலகத்துக்கு அவர் கிடைக்கமாட்டார். ஆனாலும் காத்திருந்தவர்களுக்கு அடுத்த வேலையில் சம்பளம் கூடுகிறது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆய்வுகள் அதில் ஒத்துப்போகவில்லை. நான் பெரிதாக எடுப்பது சாப்பாட்டை. காப்புறுதி இல்லாதிருந்தால் வேலை இழந்த குடும்பங்களின் உணவுச் செலவு 22 சதவீதம் குறைந்திருக்கும், அது இருந்ததால் 7 சதவீதமே குறைந்தது என்று அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர் க்ரூபர் 1997இல் கணித்தார்.

இனிக் காசுக் கணக்கு. சம்பளம் 60,000 ரூபா, சந்தா 1 சதவீதம் என்று வையுங்கள். ஆளுக்கு மாதம் 600 ரூபா. 100 பேர் ஓராண்டில் கட்டுவது 7,20,000. வேலை போனவருக்குப் பாதிச் சம்பளம் நான்கு மாதம் என்றால் 1,20,000. நூற்றில் ஆறு பேர் முழுமையாக எடுத்தாலே அந்த ஆண்டின் பணம் தீர்ந்துவிடும். சராசரியாக இரண்டு மாதம் எடுக்கிறவர் இரண்டு வாரம் தாமதித்தால் செலவு 60,000இலிருந்து 75,000 ஆகும், அதாவது கால்வாசி கூடும். சோம்பலின் விலை என்று நீங்கள் சொல்வது இவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து, பொருளாதார நெருக்கடி வந்த 2022 போன்ற ஓர் ஆண்டு. அப்போது நூற்றில் 15 பேர் முழுமையாக எடுத்தால் 18 லட்சம் வேண்டும், இரண்டரை ஆண்டுச் சந்தா. கையிருப்பு சேராமல் கொடுப்பனவைத் தொடங்கும் திட்டத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

கொழும்பில் எது பிழையாகப் போகும் என்றால், அது கள்ளக் கணக்கு. முதலாளி வேலைநீக்கக் கடிதம் கொடுப்பார், ஆள் அதே இடத்தில் சேமலாப நிதி இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்வார், கொடுப்பனவை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு த்ரீவீலையும் அதிகாரி வைத்துக் கண்காணிக்க முடியாது. ஆகவே கொடுப்பனவைக் குறுகிய காலத்துக்கு, மாதம் போகப்போகக் குறைந்துவருமாறு வைக்கலாம். மலேசியாவில் 2018இல் தொடங்கிய திட்டத்தில் இரு தரப்பும் தலா 0.2 சதவீதம் கட்டுகிறார்கள். முதல் மாதம் சம்பளத்தின் 80 சதவீதம், பிறகு 50, 40, 40, கடைசி இரண்டு மாதம் 30. சீக்கிரம் வேலை கிடைத்தால் மிச்சத்தில் 25 சதவீதம் கைக்கு வரும். அதோடு, ஆட்களை அடிக்கடி நிறுத்தும் நிறுவனத்துக்குச் சந்தா கூட வேண்டும். இல்லாவிட்டால் ஓடர் இல்லாத மாதங்களில் தொழிலாளரை நிதியின் செலவில் வீட்டில் உட்காரவைப்பார்கள். அமெரிக்காவில் அப்படி நடப்பதைப் பொருளியலாளர் ஃபெல்ட்ஸ்டைன் 1970களில் விளக்கினார்.

இலங்கையில் நம்மிடம் இப்போது இருப்பது, ஆட்களை நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், 180 நாள் கடந்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்த அவரது எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். நட்டஈடு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்து இரண்டு மாதச் சம்பளம். மேற்சொன்ன சம்பளத்தில் பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 22.5 மாதம், 13,50,000 ரூபா. மூடும் நிலையில் உள்ள கம்பனியால் அதைக் கொடுக்க முடிவதில்லை. தினக்கூலிக்கும் ஆள்விநியோக ஒப்பந்தக்காரர் அனுப்புகிறவருக்கும் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. உங்களைப் போன்றவர் பதினைந்தாவது ஆளைச் சேர்க்கவே யோசிப்பார்.

கட்டுவது பற்றிக் கேட்டீர்கள். புதுச் சுமை இல்லாமல், நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 சதவீதத்தில் ஒன்றை இதற்கு மாற்றலாம் என்பது என் கருத்து. அந்த நிதியை வேலை போனதும் எடுக்கலாம் என்றாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான், புதிதாகச் சேர்ந்தவருக்கு அதில் பெரிதாக எதுவும் இருக்காது. இதில் தொழிலாளியின் சேமிப்புக் குறைகிறது, அதைத் தொழிற்சங்கங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டவரைவு வந்தால் 15 பேர் எல்லை அதிலும் நுழைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நுழைந்திருந்தால் உங்கள் 14 பேருக்கும் அதில் இடம் இல்லை.