நாவற்பழம் தெரிந்த நாக்கும் வைனும்: வாசகர் கேள்விகள்

பிரான்சிலிருந்து வந்த மச்சான் ஒரு சிவப்பு வைன் போத்தல் தந்தார். குடித்ததும் வாய் வறண்டு இழுத்தது. பழுதாகிவிட்டதா? (மாங்குளம்)

பழுது இல்லை, அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். சிவப்பு வைனை முந்திரிகைத் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுவார்கள். துவர்ப்பு அங்கிருந்துதான் இறங்குகிறது. வெள்ளை வைனுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவதால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு. நாவற்பழத்தை ஒரு கைநிறையச் சாப்பிட்டால் நாக்கையும் முரசையும் பிடித்து இழுக்குமே, அதுவும் இதே வேலைதான். பிரான்சின் போர்தோவில் மெதோக் பகுதி வைன், கபர்னே சோவின்யோன் என்ற முந்திரிகை கூடியது, இளசில் இப்படித்தான் இருக்கும். ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்துப் பாருங்கள், தணிந்துவிடும்.

வைன் குறிப்புகளில் வருகிற பழங்கள் பாதியை நான் கண்டதே இல்லை. நான் எப்படி விவரிப்பது? (கிளிநொச்சி)

காணாத பழத்தை எழுதவே வேண்டாம். உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள், அதுதான் நேர்மையான குறிப்பு. நம் அடுக்களையிலேயே பாதி வைன் இருக்கிறது. பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் விளையும் சிரா வைனில் மிளகு மணக்கும். கற்பனை இல்லை: ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் அதிலும் இருக்கிறது. அதே நாட்டின் ஜூரா மலைப்பக்கத்து 'வான் ஜோன்' என்ற மஞ்சள் வைன் ஆறு வருடத்துக்கு மேல் பீப்பாயில் கிடந்து வருவது. அதைக் கிளாசில் ஊற்றியதும் வெந்தயம் மணக்கும். அதற்கும் காரணம் ஒரே பொருள்தான், பெயர் சோட்டலோன். வெந்தயம் போடாமல் குழம்பு வைக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளாசை ஆட்டாமல் ஒருமுறை மோந்து பாருங்கள், பிறகு சுழற்றிவிட்டு இன்னொரு முறை. முதலில் தோன்றியதை உடனே எழுதிவிடுங்கள். ஆனால் 'பழ வாசம்' என்று எழுதி நிறுத்த வேண்டாம். பாலைப்பழம் என்றால் எந்தப் பாலைப்பழம்? மரத்திலிருந்து அப்போதுதான் ஆய்ந்ததா, வெயிலில் காயவைத்ததா? இந்த வித்தியாசத்தில் விஷயம் இருக்கிறது. வெயில் கூடிய இடத்து வைனில் காய்ந்த பழத்தின் மணமும் இனிப்பும் தூக்கலாக இருக்கும், குளிர்ப்பக்கத்து வைனில் புளிப்பு முன்னே நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் ஊரைப் பாதி கண்டுபிடித்த மாதிரி.

நண்டுக் கறிக்கு எந்த வைன்? (முல்லைத்தீவு)

நம் கறித்தூளின் உறைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அல்ககோல் கூடிய வைன் உறைப்பை இன்னும் ஏற்றும், டானினும் சேர்ந்தால் வாய் எரியும். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன், அதிலும் லேசான இனிப்புள்ள 'கபினெட்' வகை, மிகப் பொருத்தம். அல்ககோல் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். புளிப்பு தேசிக்காய் பிழிந்த மாதிரி கறியைத் தூக்கிக் கொடுக்கும். சிவப்பை இங்கே தவிருங்கள். இரும்புச் சத்துக் கூடிய சிவப்பு வைன் கடலுணவோடு சேர்ந்தால் வெடுக்கு வாய்க்குள்ளேயே நிற்கும்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிறார்களே? (வவுனியா)

அது ஐரோப்பாவின் குளிர் வீடுகளுக்குச் சொன்னது, 16 முதல் 18 பாகை. நம் அறை 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் அல்ககோல்தான் மூக்கில் ஏறும், வேறொன்றும் தெரியாது. ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளைக்கு 8 முதல் 12 பாகை சரி. அதற்குக் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

தக்கையைத் திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம் வந்தது. (புதுக்குடியிருப்பு)

தக்கையில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற பொருளின் வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஆற வைத்தாலும் போகாது, பழ வாசத்தையும் அமுக்கிவிடும். கடையில் வாங்கியதென்றால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு போத்தலை வைத்து அந்த வைனையே ஒதுக்கிவிட வேண்டாம், பக்கத்துப் போத்தல் நன்றாகவே இருக்கலாம்.