படிவத்தில் 'ஃபிஷிங் கியர்' என்றால் எஞ்சினா, வலையா?

கேள்வி: கடலோரக் கிராமம் ஒன்றில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். புயல் சேதத்துக்கான காப்பீட்டுப் படிவம் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. 'வெசல்', 'எஞ்சின்', 'ஃபிஷிங் கியர்' என்று மூன்று தலைப்புகள். மூன்றாவதில் கியர் பாக்ஸின் விலையை எழுதப் போனபோது, அது வலையைக் குறிக்கும் என்று விசைப்படகு ஓட்டுநர் ஒருவர் தடுத்தார். உள்ளே 'மெரைன் கியர்', 'ஸ்டீயரிங் கியர்' என்றும் வருகிறது. போதாததற்கு வங்கிக் கடிதத்தில் 'கியரிங் ரேஷியோ' கேட்டிருக்கிறார்கள். எதை எங்கே எழுதுவது? ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

பதில்: ஓட்டுநர் சொன்னதுதான் சரி. 'ஃபிஷிங் கியர்' என்றால் மீன்பிடி சாதனங்கள். வலை, தூண்டில், அவற்றோடு சேர்ந்த கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் அதில் அடங்கும். கியர் பாக்ஸை எஞ்சின் தலைப்பின் கீழ் எழுதுங்கள். இடம் மாறியிருந்தால், போன வலைக்கு யாரும் பணம் கேட்கவில்லை என்று ஆகியிருக்கும். மீனவர் கையெழுத்திடும் தாளை மீனவருக்குப் புரியாத மொழியில் அனுப்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தவறு திருத்தப்படும் வரை இந்தச் சொல்லை நாம் சரியாகப் புரிந்துகொள்வதே வழி.

நம் ஊரில் கியர் என்றதும் மோட்டார் சைக்கிளில் காலால் மாற்றுவதும், எஞ்சினுக்குள் சுற்றும் பற்சக்கரமும் நினைவுக்கு வருகின்றன. வண்டிகளோடு சேர்ந்து வந்த சொல் என்பதால் அதுவே முதற்பொருள் என்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது பின்னால் வந்த கிளைப்பொருள். சுமார் 1200ஆம் ஆண்டில் இந்தச் சொல் ஆங்கில எழுத்துகளில் தோன்றியபோது, போருக்குப் போகிறவன் பூட்டிக்கொள்ளும் கவசத்தையும் ஏந்தும் ஆயுதத்தையும் குறித்தது. பிறகு எந்த வேலைக்கும் ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும் உடை, கருவி, தளவாடம் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. இயந்திரத்தின் பற்சக்கரம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. சைக்கிளிலும் மோட்டார் வண்டியிலும் வேகம் மாற்றும் அமைப்புக்கு அந்தப் பெயர் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

சொல்லின் வேர் இங்கிலாந்தில் இல்லை. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரமுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடாலயத்தைக் கொள்ளையடித்தவர்கள், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள். அடுத்த நூற்றாண்டில் அவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கெர்வி' என்றால் உடுப்பு, தளவாடம். அது 'செய், ஆயத்தப்படுத்து' என்று பொருள்படும் 'கெரா' என்ற வினையோடு உறவுள்ளது. இதற்குச் சொல்லின் ஒலியே சாட்சி. ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் இகரம், எகரம் போன்ற உயிர்களுக்கு முன் வந்த ககரம் (கீதம் என்பதில் ஒலிப்பது போன்றது) பெரும்பாலும் யகரமாகக் குழைந்துவிட்டது. நார்ஸ் வழி வந்தவற்றில் குழையவில்லை. 'கெட்', 'கிவ்' என்ற சொற்களில் ககரம் நிலைத்ததும் நார்ஸ் தாக்கத்தால்தான். இதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு உரிய சொந்தப் பிள்ளையும் ஒன்று உண்டு: 'யேர்'. தயார், சுறுசுறுப்பு என்று பொருள். இன்று வழக்கொழிந்து வரும் அந்தச் சொல்லைக் கடலோடிகள் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் முதல் காட்சியில், புயலில் சிக்கிய கப்பலின் பணியாளர்களை விரட்டும் குரலில் அது கேட்கிறது. ஜெர்மனில் 'கார்' என்றால் பக்குவமாக வெந்தது. அதுவும் இதே குடும்பம். ஆயத்தம் என்ற கரு எல்லாவற்றிலும் ஓடுகிறது.

இந்தக் கருவைப் பிடித்துக்கொண்டால் உங்கள் படிவம் தெளிவாகும். ஒரு வேலையைச் செய்ய ஆயத்தமாக வைத்த சாதனத் தொகுதி எதுவானாலும் அது கியர். எந்த வேலை என்பதை முன்னால் நிற்கும் சொல் சொல்லும். 'ஸ்டீயரிங் கியர்' என்பது சுக்கானைத் திருப்பும் முழு அமைப்பு. அது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கலாம், சங்கிலியிலும் இயங்கலாம். விமானத்தின் 'லேண்டிங் கியர்' தரையைத் தொடும் சக்கரங்களும் கால்களும். மின்வாரியத்தார் சொல்லும் 'சுவிட்ச்கியர்' மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் பிரேக்கர், ஐசொலேட்டர், ஃபியூஸ் முதலியவற்றின் தொகுதி. 'ரைடிங் கியர் இலவசம்' என்று பைக் விளம்பரத்தில் வந்தால் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை என்று எதிர்பார்க்கலாம்.

எழுத்திலேயே ஓர் அடையாளமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முன் 'ஒரு' என்ற சுட்டு வந்தாலோ, சொல் பன்மையில் வந்தாலோ, பெரும்பாலும் பற்சக்கரம் அல்லது வேகப்படி. சுட்டும் பன்மையும் இல்லாமல் வந்தால் சாதனத் தொகுதி. மீன்வளத் துறை ஆவணங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே 'ஃபிஷிங் கியர்ஸ்' என்று பன்மையில் எழுதுவது வழக்கம். செவுள்வலை, இழுவலை, சுருக்குமடி, கரைவலை, தூண்டில் என்று வகைகள் பல என்பதைக் குறிப்பதற்காக அப்படி எழுதுகிறார்கள். 'கிராஃப்ட் அண்ட் கியர்' என்ற இணையையும் அங்கே அடிக்கடி பார்ப்பீர்கள். கலமும் கருவியும் என்று தமிழில் அழகாகச் சொல்லலாம்.

உங்கள் படிவத்தில் உண்மையிலேயே குழப்பம் தருவது 'மெரைன் கியர்'தான். கடல்சார் சாதனம் என்று மொழிபெயர்க்கத் தோன்றும். எஞ்சின் பட்டறையில் அதற்குப் பொருள் வேறு. எஞ்சினுக்கும் புரோபெல்லர் தண்டுக்கும் இடையே உட்கார்ந்து, சுழற்சியைக் குறைத்தும், தேவைப்படும்போது பின்னோக்கித் திருப்பியும் தரும் கியர் பாக்ஸ் அது. 3:1 விகிதம் என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுழலும்போது புரோபெல்லர் 600 சுற்று சுழலும். எஞ்சின் தலைப்பில், தயாரிப்பு எண்ணோடு அதை எழுதுங்கள். 'ஸ்டீயரிங் கியர்' படகோடு, அதாவது 'வெசல்' தலைப்போடு சேரும்.

வலையின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், நங்கூரம், மீன் தேடும் கருவி இவையெல்லாம் எங்கே என்று அடுத்த சந்தேகம் வரும். கப்பல் கழிவுகளால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 'ஃபிஷிங் கியர்' என்பதை வரையறுத்திருக்கிறது. நீர்வாழ் உயிர்களைப் பிடிப்பதற்காக, அல்லது பின்னர் பிடிப்பதற்குக் கட்டுக்குள் வைப்பதற்காக, நீரிலோ நீர்மேலோ கடலடியிலோ இடப்படும் பொருளும் அதன் பகுதியும் என்பது அதன் சாரம். இரண்டு கேள்விகள் போதும்: தண்ணீரில் இறங்குகிறதா? பிடிப்பதற்காக இறங்குகிறதா? இழுவலையின் வாயை அகட்டிப் பிடிக்கும் பலகைகள் இரண்டிலும் தேறுகின்றன. அவை மீன்பிடி சாதனம். நங்கூரம் தண்ணீரில் இறங்கினாலும் மீன் பிடிக்க இறங்குவதில்லை. விஞ்ச் மேல்தளத்திலேயே நிற்கிறது. மீன் தேடும் கருவி காட்டித்தருகிறது, பிடிப்பதில்லை. ஆகவே இம்மூன்றும் படகின் கணக்கில் போகட்டும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் தனி வரையறை இருந்தால் அதுவே செல்லும். முதலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வலைகள் காப்பீட்டுக்குள் வருகின்றனவா, படகும் எஞ்சினும் மட்டுமா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வலையைப் பதியும்போது 'வலை – 1' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். வகை, கண்ணி அளவு, நீளம், எத்தனை துண்டு, நூல் நைலானா வேறா, வாங்கிய ஆண்டு, ரசீது எண் இவை அனைத்தும் வேண்டும். துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துப் பின்னியதாக இருந்தால் எல்லா ரசீதுகளையும் இணையுங்கள். தமிழ் நகலில் 'மீன்பிடி கியர்' என்று எழுதவே வேண்டாம். 'மீன்பிடி வலைகளும் சாதனங்களும்' என்று எழுதினால், உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கும் தடுமாற்றம் வராது.

'கியரிங் ரேஷியோ'வில் படகும் இல்லை, வலையும் இல்லை. சொந்த முதலோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்பதைக் காட்டும் விகிதம் அது. அமெரிக்க வழக்கில் 'லீவரேஜ்' என்பார்கள். சிறு பற்சக்கரம் பெரியதைச் சுழற்றுவதுபோல, சிறு முதலைக்கொண்டு பெருந்தொகையை இயக்குவதைச் சுட்டும் பொருள் என்பதால், இங்கே உங்கள் பற்சக்கரம் பொருந்துகிறது. சங்கத்தின் சொந்த முதல் 20 லட்சம் ரூபாய், கடன் 40 லட்சம் என்றால் விகிதம் 2, அதாவது 200 சதவீதம். சில வங்கிகள் கடனை, கடனும் முதலும் சேர்ந்த தொகையால் வகுக்கும். அந்தக் கணக்கில் இதே சங்கத்துக்கு ஏறத்தாழ 67 சதவீதம் வரும். எந்த முறையில் வேண்டும் என்று வங்கியில் கேட்டுக்கொண்டு, முறையின் பெயரையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.