ஜூனியர் கோல்ஃப் போட்டியில் கோடை இன்டர்ன்ஷிப்: எதைக் கற்றுக்கொண்டு போவது?

கேள்வி: விளையாட்டு மேலாண்மை படிக்கிறேன். ஜூனியர் கோல்ஃப் போட்டிகளை நடத்தும் ஓர் அமைப்பில் இந்தக் கோடைக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. கோல்ஃபை டிவியில் பார்த்ததோடு சரி. என்ன வேலை தருவார்கள்? எதைப் படித்துக்கொண்டு போனால் திணறாமல் இருப்பேன்?

பதில்: ஆடத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். விதிகளில் ஒரு சின்னப் பகுதியைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் ரெஃபரியைக் கூப்பிடுங்கள். இந்த வேலையில் உங்களிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

பெரும்பாலும் விடிவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட வேண்டியிருக்கும். டீ மார்க்கர் (முதல் அடி அடிக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம்) வைப்பது, தண்ணீரும் ஐஸும் நிரப்புவது, எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்புகளையும் பெனால்டி ஏரியாவின் (குளம், ஓடை போன்ற, பந்து போனால் சிக்கலாகும் பகுதி) சிவப்பு, மஞ்சள் கம்புகளையும் சரிபார்ப்பது, மாலையில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது. உடம்பு நோகும் வேலைதான், ஆனால் கூட இருப்பவர்களைப் பார்த்தே பழகிவிடலாம்.

அப்படிப் பார்த்துப் பழக முடியாத இடம் ஸ்கோரிங் மேசை. கோல்ஃபில் ஆட்டக்காரரின் ஸ்கோரை அவரோடு ஆடும் இன்னொருவர் எழுதுவார், அவர்தான் மார்க்கர். சுற்று முடிந்ததும் இருவரும் கையெழுத்திட்டு ஸ்கோர் அட்டையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குழியின் எண்ணும் சரி என்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு. மொத்தம் கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. ஒரு குழியில் எடுத்ததைவிடக் குறைத்து எழுதியிருந்தால் தகுதி நீக்கம். பெனால்டி (தண்டனையாகச் சேரும் அடி) விழுந்ததே தெரியாமல் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. எடுத்ததைவிட அதிகமாக எழுதியிருந்தால் அந்த எண்ணே நிற்கும். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸின் 1968 கடைசிச் சுற்றில் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆவது குழியை 3 முறை அடித்து முடித்தார். மார்க்கர் 4 என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டார். 65 ஆக வேண்டியது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமநிலையில் நின்று பிளேஆஃப் (வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டம்) ஆட வேண்டியவர் ஒரே ஓர் அடியில் பட்டத்தை இழந்தார்.

உலகத் தரத்தில் ஆடியவருக்கே இந்த நிலை என்றால், வெயிலில் 18 குழி ஆடிவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த மேசைக்கு அருகே பெற்றோரை விடாத போட்டிகளே அதிகம். அங்கே அந்தப் பிள்ளைக்குத் துணை நீங்கள்தான். முதலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிறகு மார்க்கரை ஒவ்வொரு குழியாக எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ‘ஏதாவது ஒரு குழியில் சந்தேகம் இருக்கா?’ என்று கேளுங்கள். இருந்தால் அவர் அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் ரெஃபரியை வரவழையுங்கள்; போன பிறகு திருத்துவது மிகக் கடினம். அடுத்த குழு காத்திருந்தாலும் பரவாயில்லை, அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது நேரம். ஸ்டார்ட்டராக (குழுக்களை உரிய நேரத்தில் ஆடத் தொடங்க வைப்பவராக) நின்றால் உங்கள் கடிகாரமும் போட்டியின் அதிகாரபூர்வக் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். 5 நிமிடத்துக்குள் தாமதமாக வந்தால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணி வெற்றியை முடிவு செய்யும் ஆட்டமுறை) 2 பெனால்டி அடிகள். அதைத் தாண்டினால் தகுதி நீக்கம். பந்து விழும் இடத்தைப் பார்க்க நிறுத்தினால், தேடுவதற்கு 3 நிமிடம்தான் என்பது நினைவிருக்கட்டும். 2019-க்கு முன்பு 5 நிமிடம் இருந்தது. பெற்றோர் சிலர் இன்னும் அதையே சொல்வார்கள். ஆட்டக்காரரோ அவருடைய கேடியோ (கிளப் பையைச் சுமந்து உதவுபவர்) தேடத் தொடங்கும்போதுதான் அந்த 3 நிமிடம் ஆரம்பம். நீங்கள் முன்கூட்டியே தேடுவது கணக்கில் வராது.

‘எந்த கிளப் (கோல்ஃப் மட்டை) எடுக்கட்டும்?’ என்று ஒரு பிள்ளை உங்களிடம் கேட்டால் அந்தக் கேள்விக்கே பெனால்டி உண்டு, ஏனென்றால் ஆலோசனையைத் தன் கேடியிடம் மட்டுமே கேட்கலாம். அதனால் சுற்று தொடங்கும் முன்பே இதை நினைவூட்டிவிடுவது நல்லது. தூரம் எவ்வளவு, விதி என்ன என்பது போன்ற பொதுத் தகவலைக் கேட்பதில் தவறில்லை.

மின்னல் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் தளர்வு கூடாது. ஒரே நீண்ட ஹாரன் என்றால் உடனே நிறுத்த வேண்டும், இன்னோர் அடிகூட அடிக்கக் கூடாது. மூன்று முறை ஒலித்தால் சாதாரண நிறுத்தம். தொடங்கிய குழியைக் குழுவே சேர்ந்து முடிக்கலாம். இரண்டு குறுகிய ஒலி மறுபடி ஆடலாம் என்பதற்கு. உங்கள் பகுதியிலிருந்து பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது, எந்த வண்டி வரும் என்பதை முதல் நாள் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இவர்கள் குழந்தைகள். எந்தப் பிள்ளையோடும் ஆள் இல்லாத இடத்தில் தனியாக இருக்காதீர்கள். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். பெற்றோர் கோபமாக வந்தால் முழுவதும் கேட்டுக்கொண்டு, ‘ரெஃபரியைக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். அங்கே வாதாட உங்களுக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை.

படிப்பதற்கு, கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் இலவசமாகத் தரும் விதிகள் செயலியே போதும். 3, 5, 10, 18 ஆகிய விதிகளைப் போகும் முன் இருமுறை படியுங்கள். பெனால்டி ஏரியா பற்றிய 17-ஐ மைதானத்தில் கம்புகளைப் பார்த்துக்கொண்டே படித்தால் எளிதில் புரியும்.

ஒப்புக்கொள்ளும் முன் அமைப்பிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. உதவித்தொகை எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு, ஒரே மைதானமா அல்லது வாரம் ஓர் ஊரா, வண்டி ஓட்ட வேண்டுமா, போட்டி இல்லாத நாள் உண்மையிலேயே விடுமுறையா, யாரிடம் புகார் சொல்லலாம். விதிகள் பயிற்சி வகுப்பு உண்டா என்றும், சில நாள் ரெஃபரியோடு சுற்ற விடுவார்களா என்றும் கேளுங்கள். கோடை முழுக்க ஐஸ் பெட்டி தூக்க வைத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. ஸ்கோரிங், ஸ்டார்ட்டர், மைதான அமைப்பு மூன்றிலும் மாற்றி மாற்றிப் போடுவோம் என்று எழுத்தில் தரும் இடமாக இருந்தால் தயங்காமல் போங்கள்.